79 யூனிட் சுமை: பெரிய பேட்டரி மின்கார்களின் சுற்றுச்சூழல் கணக்கு

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். மின்வண்டிக்கான பச்சை நம்பர் பலகை இப்போது சர்வ சாதாரணம். 3 யூனிட் பேட்டரியோடு ஒரு ஸ்கூட்டர், ஏழரை யூனிட்டோடு ஒரு ஆட்டோ, 24 யூனிட்டோடு ஒரு டியாகோ, 79 யூனிட்டோடு மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ, அதற்கும் முன்னால் 107.8 யூனிட் சுமக்கும் மெர்சிடிஸ் ஈக்யூஎஸ். (விளம்பரத்தில் கிலோவாட் அவர் என்று போடுவதும் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றேதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க யூனிட் என்றே வைத்துக்கொள்வோம்.) ஸ்கூட்டருக்கும் ஈக்யூஎஸ்ஸுக்கும் பேட்டரியில் சுமார் 36 மடங்கு வித்தியாசம். ஆனால் பலகையின் நிறமும் ஜிஎஸ்டி விகிதமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மின்வண்டி பெட்ரோல் வண்டியைவிட மேலா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம். ஆனால் எந்த மின்வண்டி, எந்தப் பெட்ரோல் வண்டி, எவ்வளவு ஓடும் என்ற மூன்றையும் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது. எடையும் பேட்டரி அளவும் ஏற ஏற, மின்வண்டியின் நன்மை கரைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல், சின்னப் பெட்ரோல் கார் விடும் அளவு கார்பனையே பெரிய மின்காரும் விடுகிறது. அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பயன்படாத பேட்டரி

முதலில், பெரிய பேட்டரியை ஏன் வாங்குகிறார்கள்? அல்சூரிலோ எஜிபுராவிலோ ஒயிட்ஃபீல்டிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டால் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: "பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், வழியில நிக்கக் கூடாது." சேலம் 200 கிலோமீட்டர், சென்னை 350, கோவை 365, மதுரை 435. ஆக, வருஷத்தில் நாலைந்து தடவை வரும் பயணத்துக்காகப் பேட்டரியின் அளவு முடிவாகிறது. மீதி நாளெல்லாம் வண்டி ஓடுவது ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும், ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பெரிய எஸ்யூவிக்கே சுமார் 5 யூனிட் போதும். 79 யூனிட் பேட்டரியில் அது ஆறேழு சதவீதம். மிச்சம் 74 யூனிட்டுக்கான செல்கள் நகருக்குள் ஊர்ந்தபடி சும்மா சவாரி செய்கின்றன. திருவிழாவுக்கு வாங்கிய அண்டாவில் தினமும் ரெண்டு பேருக்குச் சோறு வடிப்பது மாதிரி.

ஏழரை யூனிட் ஆட்டோ ஒரே நாளில் அந்த பேட்டரியைக் காலி செய்துவிடும். 12 மீட்டர் மின்பேருந்தின் பேட்டரி 200 முதல் 300 யூனிட் வரை இருக்கும். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். நகரப் பேருந்து தினமும் 200 கிலோமீட்டர் ஓடும்போது, ஏறத்தாழ முழு பேட்டரியும் அன்றாடம் வேலை செய்கிறது. அதுவும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு. எனவே பேட்டரி பெரிது என்பது மட்டுமே குற்றம் ஆகாது. எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு அந்த அளவு பொருந்துகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. தனியார் காரில் அது கொஞ்சமும் பொருந்துவதில்லை.

செல் வயதாவது இரண்டு வழியில்: சார்ஜ் ஏற்றி இறக்குவதால் வரும் தேய்மானம் ஒன்று, சும்மா இருந்தாலும் நாள்பட வரும் தேய்மானம் இன்னொன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், அதாவது எல்எஃப்பி, 2,500 முழுச் சுற்றுகளைத் தாங்கும் என்று வைத்தாலும், ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டர் போகும் காருக்கு அது 10 லட்சம் கிலோமீட்டர். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் பெங்களூரு கார் 15 வருஷத்தில் ஒன்றரை லட்சத்தைத்தான் தொடும். அது 375 சுற்று. அதாவது அந்த பேட்டரி உழைத்துத் தேய்வதற்குள் உட்கார்ந்தே கிழடாகிவிடும். வெயிலில் நிறுத்தி, எப்போதும் நூறு சதவீதத்திலேயே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரியைச் செய்யும்போது வெளியான கார்பனை ஓடும் கிலோமீட்டரால்தான் ஈடுகட்ட முடியும். அந்த ஓட்டமே இங்கே இல்லை.

செல் பிறக்கும் இடத்தில்

பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவுக்குப் பல ஆய்வுகள் பல எண்களைச் சொல்கின்றன. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்படும் எல்லை. செல்லின் வகை, தொழிற்சாலை எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்ற இரண்டையும் பொறுத்து அது மாறும். நடுவாக 75 கிலோ என்று எடுத்தால், 24 யூனிட் பேட்டரிக்கு 1.8 டன், 79 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 6 டன், 110 யூனிட்டுக்கு 8 டன்னுக்கு மேல். ஷோரூமை விட்டு ஒரு அடி நகர்வதற்கு முன்பே இவ்வளவு.

ஏன் இவ்வளவு? ஒரு பகுதிக் காரணம் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. நேர்முனைக் கலவையைக் கரைப்பானில் கூழாக்கி, மெல்லிய அலுமினியத் தகட்டில் பூசி, நூறு டிகிரிக்கு மேல் சூடான நீண்ட அடுப்புக்குள் ஓட்டி உலர்த்துகிறார்கள். ஆவியாகும் கரைப்பானை வெளியே விட முடியாது. குளிர்வித்துத் திரும்பப் பிடிக்க வேண்டும். செல்லைக் கட்டும் அறையில் ஈரப்பதம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. பனிநிலை மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க, ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும். கடைசியில் ஒவ்வொரு செல்லையும் மெதுவாக ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட் கொள்ளளவைச் செய்ய 40 யூனிட்டை ஒட்டி மின்சாரம் போகிறது. 79 யூனிட்டுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தின் மாதம் 200 யூனிட் வரம்பை முழுதாகப் பயன்படுத்தும் வீடு 15 மாதம் செலவழிக்கும் மின்சாரம் அது.

மீதி சுரங்கத்திலும் சுத்திகரிப்பிலும். 79 யூனிட் எல்எஃப்பி பேட்டரிக்கு லித்தியம் கார்பனேட் 45 கிலோ அளவில், கிராஃபைட் 80 கிலோ அளவில் வேண்டும். கிராஃபைட்டை எதிர்முனைக்கு ஏற்றபடி பக்குவம் செய்யும் வேலை ஏறக்குறைய முழுக்கச் சீனாவில். இதில் நிக்கலும் கோபால்ட்டும் கிடையாது. உள்ளூரில் விற்கும் பெரும்பாலான மின்கார்கள் எல்எஃப்பிக்குப் போனது ஒரு விதத்தில் நல்ல காலம். வெளிநாட்டு சொகுசு வண்டிகளில் பல இன்னும் நிக்கல் வகைதான். நிக்கல் அதிகமுள்ள 100 யூனிட் பேட்டரிக்கு 60, 70 கிலோ நிக்கல் தேவைப்படும். உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் வெட்டப்படுகிறது. சுலவேசித் தீவின் மொரோவாலி போன்ற இடங்களில் அதை உருக்குவது, அதற்கென்றே கட்டிய நிலக்கரி மின்நிலையங்களை வைத்து. மேலே சொன்ன 60–100 கிலோ எல்லையில் மேல்முனைக்குத் தள்ளும் காரணங்களில் இது முக்கியமானது.

எல்எஃப்பிக்கும் ஒரு விலை உண்டு: எடை. ஒரே கொள்ளளவுக்கு நிக்கல் வகையைவிட அது கனம். 79 யூனிட் பேட்டரி மட்டுமே 500 கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தைத் தாங்க அடிச்சட்டம், சஸ்பென்ஷன், பிரேக், டயர் எல்லாம் தடிக்க வேண்டும். பேட்டரியைப் பொதிந்து வைக்கும் பெட்டி பெரும்பாலும் அலுமினியம். நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய அலுமினியத்துக்குக் கிலோவுக்கு 15 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் போகும். எடை எடையை இழுத்துவரும் என்பது வண்டி வடிவமைப்பாளர்களுக்குப் பாலபாடம்.

பிளக்கிலிருந்து சாலைக்கு

பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்க 34 நிமிடம் என்று டாம்டாம் நிறுவனம் 2024-க்குக் கணக்குச் சொன்னது. மணிக்கு 17, 18 கிலோமீட்டர் வேகம். இந்த ஊர்தலில் காற்றைக் கிழிக்கும் செலவு சொற்பம், எடைதான் எஜமான்.

கூடுதலாக ஒரு டன் எடை என்ன செய்யும்? டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு எடைக்கு நேர் விகிதம். ஒரு டன்னுக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 27 வாட் அவர் (1,000 வாட் அவர் ஒரு யூனிட்). அடுத்தது நின்று நின்று கிளம்புவது. ஒரு டன்னை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக 17 வாட் அவர் வேண்டும். வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும் ரீஜென் பிரேக்கிங் அதைத் திரும்பப் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று போய்த் திரும்பி வருவதற்குள் கிடைப்பது அறுபது சதவீதம் அளவே. ஆக ஒவ்வொரு முறையும் 7 வாட் அவர் போனது போனதுதான். கிலோமீட்டருக்கு மூன்று தடவை நின்றால் 21. இரண்டையும் கூட்டினால் 48 வாட் அவர். சின்ன மின்காரின் மொத்தச் செலவே கிலோமீட்டருக்கு 110 அளவில் இருக்கும்போது, ஒரு டன் கூடுதல் என்பது நாற்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். பெரிய கேபினைக் குளிர்விக்கும் ஏசி தனி. அது தூரத்துக்கு ஏற்ப ஓடுவதில்லை, நேரத்துக்கு ஏற்ப ஓடுகிறது. வண்டி மெதுவாகப் போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரின் தலையிலும் அதன் பங்கு கூடும்.

சுவர் பிளக்கில் அளந்தால், சார்ஜர் இழப்பையும் சேர்த்து, சின்ன மின்காருக்குக் கிலோமீட்டருக்கு 0.12 யூனிட், 79 யூனிட் எஸ்யூவிக்கு 0.19, இரண்டரை டன் சொகுசுக் காருக்கு 0.24 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த மின்சாரம் எங்கிருந்து? மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்திய மின்கட்டத்தில், அதாவது கிரிட்டில், ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாக 0.72 கிலோ கரியமில வாயு. கம்பியில் போகும் இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால், பிளக்கில் அது 0.85 கிலோ. கர்நாடகத்தில் பாவகடா சூரியப் பூங்காவும் ஷராவதி நீர்மின்சாரமும் காற்றாலைகளும் இருக்கின்றனவே, இங்கே மின்சாரம் சுத்தமாயிற்றே என்று ஒரு வாதம் வரும். பாதி சரி. ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததிலிருந்து தென்மாநிலக் கட்டமும் தேசியக் கட்டமும் ஒன்றுதான். தவிர, பெரும்பாலானவர்கள் சார்ஜ் போடுவது ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு. அப்போது பாவகடா உறங்குகிறது. ராய்ச்சூர், பள்ளாரி அனல்மின் நிலையங்கள் விழித்திருக்கின்றன. ஆபீசில் மதியம் சார்ஜ் போட முடிந்தவர்களுக்குத்தான் அந்தச் சூரிய வாதம் பொருந்தும்.

பெருக்கிப் பார்த்தால், கிலோமீட்டருக்குச் சின்ன மின்கார் 102 கிராம், பெரிய எஸ்யூவி 162, சொகுசுக் கார் 204. பெட்ரோல் பக்கம்: ஒரு லிட்டர் எரிந்தால் 2.31 கிலோ. கச்சா எண்ணெய் எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவுக்கு இருபது சதவீதம் கூட்டினால் 2.77. நகருக்குள் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சின்னப் பெட்ரோல் கார் 154 கிராம். 10 தரும் பெட்ரோல் எஸ்யூவி 277. லிட்டருக்கு 22 தரும் ஹைபிரிட் 126.

எஸ்யூவியை எஸ்யூவியோடு ஒப்பிட்டால் மின்சாரத்துக்கே வெற்றி, அதுவும் நல்ல வித்தியாசத்தில். ஆனால் இன்றைய மின்சாரத்தில் பெரிய மின் எஸ்யூவியும் சின்னப் பெட்ரோல் காரும் கார்பனில் கிட்டத்தட்ட சமம். பேட்டரி செய்த 6 டன்னை இன்னும் சேர்க்கவே இல்லை. ஆல்டோவையோ வேகன்ஆரையோ விற்றுவிட்டு "சுற்றுச்சூழலுக்காக" 79 யூனிட் எஸ்யூவிக்கு மாறுபவர், கார்பன் கணக்கில் பின்னோக்கித்தான் போகிறார். சாலையில் புகை விடவில்லை என்ற நன்மை அவருக்கு உண்டு. பெங்களூரு காற்றுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது வேறு கணக்கு.

பேட்டரிக் கடனை எத்தனை கிலோமீட்டரில் அடைக்கலாம்? சின்ன மின்கார், சின்னப் பெட்ரோல் காருக்குப் பதிலாக வந்தால், கிலோமீட்டருக்கு 52 கிராம் மிச்சம், 1.8 டன்னை அடைக்க 35,000 கிலோமீட்டர் அளவு. 79 யூனிட் எஸ்யூவி அதே அளவு பெட்ரோல் எஸ்யூவிக்குப் பதிலாக வந்தால் 115 கிராம் மிச்சம். அடைக்க 50,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 110 யூனிட் வண்டிக்கு, லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் சொகுசுக் காரோடு ஒப்பிட்டாலும் 80,000 கிலோமீட்டர் அளவு. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் என்றால் எட்டு வருஷம். ஆனால் இந்த ரக வண்டி பல வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது கார். வருஷத்துக்கு 5,000 ஓடினால் பதினாறு வருஷம். மின்கட்டம் வருஷா வருஷம் சுத்தமாகும் என்பதால் இந்தத் தூரங்கள் கொஞ்சம் குறையும். அதே நேரம், நிலக்கரியைத் தோண்டி ரயிலில் ஏற்றிக் கொண்டுவரும் செலவை மின்சாரத்தின் தலையில் நான் ஏற்றவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

டயர் தூசு

மின்வண்டியில் பிரேக் தூசு குறைவு. ரீஜென் வேலையில் பாதியைச் செய்துவிடுவதால் பிரேக் பேட் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த லாபத்தை டயர் தின்றுவிடுகிறது. எடையோடு மின்மோட்டாரின் உடனடி இழுவிசையும் சேரும்போது, சிக்னலில் பச்சை விழுந்ததும் பெடலை அழுத்துகிறவருக்கு டயர் 25,000, 30,000 கிலோமீட்டரிலேயே வழுக்கையாகிவிடும். சாதாரணக் கார் டயர் ஒன்று தன் ஆயுளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ரப்பரை இழக்கும். நாலு டயருக்கு 4 முதல் 6 கிலோ. அது காற்றில் கலந்து நம் மூச்சுக்கோ, மழையில் கழுவி ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிகளுக்கோ போகிறது. டயரில் வெடிப்பு வராமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், ஓசோனோடு சேர்ந்து மாறும்போது கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2020-இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. பிரேக், டயர், சாலைத் தூசு ஆகியவற்றிலிருந்து வரும் பிஎம் 2.5 நுண்துகளில், எடை குறைந்த மின்கார்கள் பெட்ரோல், டீசல் காரைவிட 11 முதல் 13 சதவீதம் குறைவாக வெளியிடுகின்றன. நீண்ட ரேஞ்சு உள்ள கனமான மின்கார்களோ 3 முதல் 8 சதவீதம் கூடுதலாக. ஒரே தொழில்நுட்பம், பேட்டரி அளவு மாறியதும் கூட்டல் கழித்தல் குறியே மாறிவிடுகிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகளில் பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கனமான மின்கார் சாலையைப் பெயர்க்கும் என்ற புகாரும் அடிக்கடி காதில் விழும். அச்சு எடையின் நான்காம் அடுக்கில் சாலை சேதம் கூடும் என்பது பழைய பொறியியல் விதி. எடை இரட்டித்தால் 16 மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு மணல் லாரி செய்யும் சேதத்துக்கு முன்னால் எந்தக் காரும் தூசுக்குச் சமம். இந்த வாதத்தை விட்டுவிடலாம்.

அபார்ட்மெண்ட் அடித்தளத்தில்

பெரிய பேட்டரி வாங்கியவர் அடுத்துக் கேட்பது 11 கிலோவாட் சார்ஜர். 15 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட்டில் போட்டால் 79 யூனிட் நிரம்ப 26 மணி நேரம் ஆகுமே என்ற பயம். ஆனால் தினசரி தேவை, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, 6 யூனிட். அதே 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு மணி நேரம். காலியான பேட்டரியை ஒரே ராத்திரியில் நிரப்பும் தேவை ஊருக்குப் போகும் நாளில்தான் வரும். இருபது வீடுகள் 11 கிலோவாட் போட்டால் 220 கிலோவாட். ஒரு 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை அதுவே ஏறக்குறைய விழுங்கிவிடும். 3.3 என்றால் 66. முதல் வகையில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்தி, புது டிரான்ஸ்ஃபார்மர், தடித்த கேபிள், அதற்கான செம்பு, எண்ணெய் என்று போகும். இரண்டாவது வகையில், சார்ஜர்கள் முறை வைத்துப் பகிரும் லோடு மேலாண்மைக் கருவி ஒன்றோடு பழைய இணைப்பே தாங்கிவிடலாம்.

இன்னொன்று: சார்ஜரை டீசல் ஜெனரேட்டர் லைனில் கோர்த்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் தருவது மூன்று, மூன்றரை யூனிட். கரண்ட் போன நேரத்தில் அதில் கார் சார்ஜ் ஆகிறது என்றால் அது டீசல் கார்தான், புகை மட்டும் அடித்தளத்துக்குப் பின்னால் வருகிறது. அடுக்கு பார்க்கிங் உள்ள கட்டடங்களில் தட்டின் எடை வரம்பையும் பார்க்க வேண்டும்; இரண்டு டன்னுக்கு வடிவமைத்த தட்டில் இந்த வண்டிகளை ஏற்ற முடியாது.

பிரிக்க முடியாத பெட்டி

காரில் பயன் முடிந்த பேட்டரியை வீட்டுச் சூரியமின் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பழைய வடிவத்தில் செல்கள் மாட்யூல் மாட்யூலாக போல்ட் போட்டு இருக்கும். கழற்றலாம், கெட்டதை மாற்றலாம். இடத்தையும் எடையையும் மிச்சம் பிடிக்க இப்போது செல்களை நேராகப் பெட்டிக்குள் ஒட்டி, இடைவெளியில் பசையோ நுரையோ ஊற்றிவிடுகிறார்கள். 400 வோல்ட் உள்ள அந்தப் பொதியைப் பாதுகாப்பாகப் பிரிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பல சமயம் செல்லைச் சிதைக்காமல் பிரிக்கவே முடியாது. விபத்திலோ, பெரிய குழியில் அடிபட்டோ பெட்டி நசுங்கினால், உள்ளே இருக்கும் நல்ல செல்களோடு முழுப் பொதியும் மாற்றப்படுவதும் இதே காரணத்தால்தான்.

மறுசுழற்சியில் எல்எஃப்பிக்கு வேறொரு சிக்கல். நிக்கல், கோபால்ட் இருந்தால் மறுசுழற்சிக்காரர் காசு கொடுத்து வாங்குவார். எல்எஃப்பியில் விலை போவது லித்தியம், செம்பு, அலுமினியம் மட்டும். உருக்கும் முறையில் போனால் லித்தியம் கசடோடு போய்விடும். அமிலத்தில் கரைத்துப் பிரிக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம், லாபம் குறைவு. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் போடுகின்றன. மின்வண்டி பேட்டரியில் பொருள் மீட்பு 2026-27 முதல் 90 சதவீதம் இருக்க வேண்டும் என்கின்றன. விதி நல்ல விதி. இன்று விற்கும் 79 யூனிட் பொதிகள் கூட்டமாகக் கழிவுக்கு வரப்போவது 2040-ஐ ஒட்டித்தான். அதன் சோதனையும் அப்போதுதான்.

அதே செல்லை வேறு எங்கே வைக்கலாம்

79 யூனிட் செல்லைப் பிரித்தால் 3 யூனிட் ஸ்கூட்டர் 26 வரும். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மற்ற இடங்களிலும் தயாராகி பெங்களூருக்கு வரும் ரகம்தான். லிட்டருக்கு 45 தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 62 கிராம் விடுகிறது, மின்ஸ்கூட்டர் 28. மிச்சம் 34. ஆளுக்கொரு கிலோமீட்டர் ஓடினால் 26 ஸ்கூட்டரும் சேர்ந்து 880 கிராமுக்கு மேல் மிச்சப்படுத்தும். எஸ்யூவி மிச்சப்படுத்துவது 115. அதே லித்தியம், அதே கிராஃபைட்; பலன் ஏழு மடங்குக்கு மேல்.

மண்டியா மாவட்டம் மார்லகல்லாவில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்று அணுக்கனிம இயக்குநரகம் மதிப்பிட்டது. யூனிட்டுக்கு 100 கிராம் லித்தியம் என்று வைத்து, அத்தனையையும் வெட்டி எடுத்துவிட முடியும் என்றும் வைத்தால், அது 79 யூனிட் கார் இரண்டு லட்சத்துக்குப் போதும். ஸ்கூட்டர் என்றால் 53 லட்சத்துக்கு.

வரிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியதற்கு 40. மின்வண்டி என்றால் ஸ்கூட்டரோ இரண்டரை டன் சொகுசோ, 5. கர்நாடகம் 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி போட்டது. அது விலையைப் பார்க்கிறது, எடையைப் பார்க்கவில்லை. எரிபொருள் சிக்கன விதியான கஃபேயில் நிறுவனத்தின் சராசரி எடை கூடினால் இலக்கும் தளரும். விற்ற ஒவ்வொரு மின்காரையும் மூன்றாக எண்ணும் சலுகை வேறு. பெரியதாகச் செய்யத்தான் நிறுவனத்துக்கு லாபம். மின்கார்களின் தாய்வீடு என்று பேர் வாங்கிய நார்வே 2023-இல் மின்கார் உட்பட எல்லாப் புதுக் கார்களுக்கும் 500 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 12.5 குரோனர் எடை வரி கொண்டுவந்தது. பாரிஸ் நகரம் 2024 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு கனமான வண்டிகளின் பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்கியது. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் 1.6 டன்னுக்கு மேல், மின்கார் 2 டன்னுக்கு மேல்.

எவ்வளவு யூனிட் போதும்

நகருக்குள் ஒரு நாளில் மிக அதிகமாக ஓடும் தூரத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அந்த ரேஞ்சு போதும். ஒயிட்ஃபீல்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய் வர 60 கிலோமீட்டர் அளவு, இரட்டித்தால் 120. 24 யூனிட் கார் ஏசி போட்டும் 180 கிலோமீட்டர் தரும். பேட்டரி வயதாகி இருபது சதவீதம் குறைந்த பிறகும் இடம் மிச்சம் இருக்கும்.

ஊர்ப் பயணத்துக்கு, சேலத்தையே எடுத்துக்கொள்வோம். 30 யூனிட் கார் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் கிலோமீட்டருக்கு 125 வாட் அவர் எடுத்தால், 200 கிலோமீட்டருக்கு 25 யூனிட். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல், சேலம் 280-ஐ ஒட்டி. போகும்போது இறக்கம், செலவு இன்னும் குறையும். இருந்தாலும் கிருஷ்ணகிரியில் டிபன் சாப்பிடும் நேரத்தில் 20 நிமிடம் சார்ஜரில் போட்டுவிடுவது நல்லது. சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் தர்மபுரி வரை போகத் தெம்பு இருக்கும். திரும்பும்போதுதான் கவனம் வேண்டும்: 640 மீட்டர் ஏற ஆட்களோடு 1.4 டன் வண்டிக்கு 2.4 யூனிட் கூடுதலாகப் போகும்; தொப்பூர் கணவாய் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதே ஏற்றம் 2.5 டன் வண்டிக்கு 4.4 யூனிட். சேலத்தில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பி, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு முறை நிறுத்தினால் போதும். பண்டிகைக்கு முந்தின நாள் மாலை சார்ஜரில் வரிசை இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவருக்கு இருக்காது.

மதுரை, திருநெல்வேலி என்றால் சின்ன பேட்டரியில் இரண்டு மூன்று நிறுத்தம் ஆகும். குழந்தைகளோடு அது சிரமம்தான். அந்த நாலு நாளுக்கு வண்டியை வாடகைக்கு எடுப்பது, இல்லையென்றால் கன்டோன்மென்டிலிருந்து சேலம், கரூர், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை போகும் வந்தே பாரத். கடனில் வாங்கும் 79 யூனிட்டுக்கும் 30 யூனிட்டுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தின் ஒரு வருட வட்டியே அந்த வருஷத்து வாடகையையும் டிக்கெட்டையும் தாங்கும்.